றேடியேற்றரில் காற்று எடுப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

லண்டனில் தனித்து வாழும் நம் முதியோருக்காக, வீட்டுச் சூடேற்றத்தைத் தாமே பார்த்துக்கொள்வது பற்றிய எட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். அறையைச் சூடாக்கச் சுவரோரம் பொருத்தியிருக்கும், உள்ளே சுடுநீர் ஓடும் றேடியேற்றரின் அடிப்பகுதி சுட்டு, மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். சூடேற்றத்தை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, மேல்முனையிலுள்ள திருகைச் சதுரத் துளைச் சாவியால் இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பினால் 'உஸ்' என்று காற்று வெளியேறும். நீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிட வேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'பிளீடிங்' என்கின்றனர். முதல் வரைவில் 'குருதி போக்கல்' என்றிருந்ததைப் படித்த என் மாமியார், இது எந்த ஆஸ்பத்திரியின் கையேடு என்று கேட்டார். தக்க சொல் தருக.

*

தம்பிக்கு, செயலுக்கு முன் கருவிக்குப் பெயர் வேண்டாவா? 'கதிர்வீசி' என்று எவரும் முந்திக்கொள்ள வேண்டா. அக்கருவி அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சால் அன்று. ஈழத்துப் பாடநூல் மேற்காவுகை என்றும் தமிழகத்துப் பாடநூல் வெப்பச்சலனம் என்றும் கூறும் முறையாலேயே ஆகும். ஆங்கிலப் பெயரே பிழையாயிருக்க, அப்பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நெடுநல்வாடையில் 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர' என வருகிறது. கூதிர்காலத்தில் தண்ணீரைத் தொடாத மக்கள் சூழ்ந்து குளிர்காயும் கலமே தடவு. ஆகவே கருவி 'நீர்த்தடவு', செயல் 'வளிபோக்கல்', சாவி 'வளிபோக்கி'.

*

ஐயா, சென்னையிலிருந்து எழுதுகிறேன்; சூடேற்றி தேவைப்படாத ஊர் என்பதால் பொறுத்தருள்க. நெடுநல்வாடையின் தடவு நெருப்புச் சட்டி. அதில் நீரை ஊற்றினால் அணைந்துபோகும். மேலும், 'நீர்த்தடவின் மேற்பகுதியைத் தடவிப் பார்க்கவும்' என்று கையேட்டில் எழுத நேருமே! 'வளி முதலா எண்ணிய மூன்று' என்று குறள் படித்த முதியவருக்கு வளிபோக்கல் என்றால் வயிற்று வாயுவுக்கு மருந்து என்றே படும். சோறு வடிப்பதைப் போலக் 'காற்று வடித்தல்' எனலாம். 'வடிசாவி' அழகிய வினைத்தொகை.

*

சென்னை நண்பருக்கு: சோறு வடிக்கையில் கஞ்சி போகிறது, சோறு நிற்கிறது, இங்கே காற்று போக வேண்டும், நீர் நிற்க வேண்டும். வடித்தல் நீர்மத்துக்கு உரிய வினை என்பதால், படிப்பவர் பாத்திரம் வைத்து நீரைப் பிடிக்கத் தொடங்கிவிடுவார். மூடிய அமைப்பில் ஆறிய நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருப்பது வழக்கம். நீர் அளவுக்கு மிஞ்சி வெளியேறி அழுத்தம் சரிந்தால் நீரைச் சூடாக்கும் பொயிலர் நின்றுவிடும். நான் குடிவந்த முதல் பனிக்காலத்தில் அப்படித்தான் விறைத்துக் கிடந்தேன். வேறொரு காரணமும் உண்டு. அடிப்பகுதி குளிர்ந்து மேற்பகுதி சுட்டால் உள்ளே கறுத்த இரும்புத் துருச் சேறு படிந்திருக்கும். அதனை அகற்ற உண்மையாகவே நீரை வடிக்க வேண்டும். 'வடித்தல்' அந்த வேலைக்குத் தேவைப்படும் சொல். அதை இங்கே செலவழித்துவிடாதீர்கள்.

*

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 'காற்று வெளியேற்றல்' என்பதற்கே இசைவு மிகுதி. களைப்பும் அதற்கு ஒரு காரணம் என அறிவேன். 'காற்றுப் பிடுங்கல்' என்ற பரிந்துரையை, சைக்கிள் வால்கட்டையைக் களவாடிய நம் பள்ளிக்கால நினைவோடு விட்டுவிடுகிறேன். கருவியின் பெயர் ஈழத்து எழுத்துக்கூட்டலில் 'றேடியேற்றர்' என்றே இருக்கும். திறப்பதற்கு முன் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளவும், மூடியபின் அழுத்தமானியைப் பார்க்கவும், எரிவாயுப் பகுதியைத் தாமே தொடாமல் பதிவுபெற்ற பொறியாளரை அழைக்கவும் தடித்த எழுத்தில் சேர்த்துள்ளேன். நாளை காலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

*

தம்பி, அனுப்புமுன் ஒன்று. வாடகை வீட்டில் இருக்கும் முதியவரின் கைக்கு 'வெளியேற்றல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட தாள் போனால், அவர் சாவியைத் தேட மாட்டார், வழக்கறிஞரைத்தான் தேடுவார். 'நீர்த்தடவு' பின்னிணைப்பிலாவது இருக்கட்டும்.