வேலந்தாவளம் மடையோரத்து மூட்டைகளும் உருகுவே குழுவும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோப்புக்காரி, வேலந்தாவளம்

எங்கள் தென்னந்தோப்பின் கிழக்கு வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, தோப்பு கேரளா. போன மாதம் ஒரு காலையில் மடையோரம் பதினோரு சாக்கு மூட்டைகள் கிடந்தன, எல்லாம் வாய் தைத்தவை. ஒன்று கிழிந்து செங்கல்பொடி நிறத்தில் ஏதோ கசிந்திருந்தது. அதைச் சுற்றி இரண்டு முழத்துக்கு அருகம்புல், வெந்நீர் ஊற்றியது போல் வெந்து கிடந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டது.

இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் போன் செய்தேன். கிழக்கே கேளுங்கள் என்றார் ஒருவர், மேற்கே கேளுங்கள் என்றார் மற்றவர். ஒரு கேள்வியில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை: "உள்ளே இருப்பது ரசாயனம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" எனக்குத் தெரியாது, புல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

ரசாயனம், கழிவு, மாசு ஆகியவற்றுக்கென 2025 ஜூனில் உருகுவே நாட்டில் கூடி, பன்னாட்டு அறிவியல் குழு ஒன்றை நிறுவியிருக்கிறார்கள் என்று மகள் செய்தி காட்டினாள். அந்தக் குழு எங்கள் மடைவரை வருமா? பாதி கிண்டலாகத்தான் கேட்கிறேன், பாதி உண்மையாகவே.

ஓய்வுபெற்ற ஆய்வகக்காரன், சித்தூர்

வராது அம்மா. அந்தக் குழு சட்டம் போடாது, அபராதம் விதிக்காது, மாதிரி எடுக்க ஆளும் அனுப்பாது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, எது உறுதி, எது சந்தேகம் என்று எடைபோட்டு அரசுகளின் முன் வைக்கும். பருவநிலைக்கு 1988 முதல் இப்படி ஒரு குழு உண்டு, பல்லுயிர்களுக்கு 2012 முதல். ரசாயனத்துக்கு ஒன்று வேண்டும் என்று 2022இல்தான் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை முடிவெடுத்தது.

ஆனாலும் அற்பமாக நினைக்காதீர்கள். உங்களிடம் கேட்ட அதே "எப்படித் தெரியும்" கேள்வியைத்தான் காசர்கோட்டுக்காரர்களிடமும் வருடக்கணக்காகக் கேட்டார்கள். முந்திரித் தோட்டங்களில் இருபது வருடங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த ஊர்கள் அவை. அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார், தோட்டத்தின் அடிவாரக் கிராமம் ஒன்றில் 117 பையன்களையும், மருந்து படாத ஊரில் 90 பையன்களையும் ஒப்பிட்டார்கள். தெளித்த ஊர்ப் பையன்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதம். 2003இல் அது பன்னாட்டு ஆய்விதழில் வந்தது. அதன்பிறகு அது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஆய்வுக் குழுவில் நம் நாடே எதிர்த்து வாதாடியும், 2011 ஏப்ரலில் அந்த மருந்து தடைப் பட்டியலில் ஏறியது. மே மாதம் உச்ச நீதிமன்றமும் இங்கே தடை விதித்தது.

பக்கத்துப் பிளாச்சிமடை இன்னொரு கதை. குளிர்பான ஆலையின் சேற்றை உரம் என்று உழவர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது, பிபிசி வானொலி 2003இல் மாதிரியை இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியபோதுதான் பரபரப்பானது. நம் சேற்றுக்கு அவ்வளவு தூரம் போய்ச் சான்று வாங்க வேண்டியிருந்ததே என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

புளியரை லாரிக்காரன்

அக்கா, முதலில் மூட்டையில் சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் தொடாதீர்கள், தள்ளி நின்று போட்டோ எடுங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டியபோது, குப்பைக்குள் கிடந்த மருத்துவமனைச் சீட்டுகள்தான் காட்டிக்கொடுத்தன. மூன்று நாளில் அள்ளிப் போங்கள் என்று பசுமைத் தீர்ப்பாயம் கேரளாவுக்குச் சொன்னது, லாரிகள் வந்து அள்ளிப் போயின.

ஓய்வுபெற்ற ஆய்வகக்காரன், சித்தூர்

தம்பி சொல்வது சரி. நாடு விட்டு நாடு போகும் கழிவுக்கும் 1989இன் பாசல் உடன்படிக்கையில் இதே முறைதான்: வாங்கும் நாடு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஏற்றுமதியாளர் திருட்டுத்தனமாக அனுப்பினால், தகவல் கிடைத்த முப்பது நாளில் அனுப்பிய நாடே திரும்ப எடுக்க வேண்டும். மாநில எல்லைக்கு அது செல்லாது என்பதுதான் சங்கடம்.

அம்மா, நீங்களே பாட்டிலில் அள்ளி ஆய்வகத்துக்கு ஓடாதீர்கள். மூட்டை கிடக்கும் சர்வே எண்ணைக் கிராம அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள், எந்த மாநிலம் என்ற வாதம் அங்கேயே முடியும். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனு. மாதிரியை அதிகாரி எடுத்து, உங்கள் கண்முன் முத்திரை வைக்க வேண்டும். இல்லையென்றால் "இது எங்கிருந்து அள்ளியது" என்று அடுத்த கேள்வி வரும்.

தோப்புக்காரி, வேலந்தாவளம்

சர்வே எண் வாங்கிவிட்டேன். பதினொன்றில் எட்டு கேரளா, மூன்று தமிழ்நாடு! வரப்பின் மேலேயே வீசியிருக்கிறார்கள். இரண்டு மனுக்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒன்று மலையாளத்தில். அதை மகள்தான் திருத்துகிறாள். நேற்று மேகம் இறங்கியது, கிழிந்த மூட்டைமேல் நெல் மூடும் தார்ப்பாயைக் கழியால் தள்ளிப் போட்டேன். அந்தத் தார்ப்பாயை இனி நெல்லுக்குப் பயன்படுத்தலாமா ஐயா?

ஓய்வுபெற்ற ஆய்வகக்காரன், சித்தூர்

வேண்டாம். அதையும் பன்னிரண்டாவது மூட்டையாக மனுவில் எழுதிவிடுங்கள்.