கற்பூரவள்ளி பழத்துல கல்லு கல்லா விதை, கன்னு மாறிப்போச்சா?

லால்குடி தோட்டம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி 6 கற்பூரவள்ளி இருக்கு, எல்லாம் ஒரே கட்டைல இருந்து வந்த பக்கக் கன்னுதான், 4 வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. இந்தத் தடவை வெட்டுன தார்ல பழத்தைக் கடிச்சா நறுக்குனு பல்லுல கல்லு, பிச்சுப் பாத்தா மிளகு சைஸ்ல கருப்பு விதை, ஒரே பழத்துல 14 எண்ணினேன். அம்மா பல்செட் போட்டவங்க, அவங்க கைல குடுக்கவே பயமா இருக்கு. மண்ணுல சத்துக் குறையா? எல்லாத்தையும் தோண்டிப் போட்டுடவா?

மாடித்தோட்டக்காரன்:
போரான் பத்தல ப்ரோ. நுண்ணூட்டக் கலவை ஒரு கிலோ வாங்கிப் போடுங்க.

ஓய்வுபெற்ற பாட்டனி டீச்சர்:
தம்பி, உரம் பத்தலன்னா காய் சிறுக்கும், அதுக்காக பழத்துல விதை உண்டாகாது. விதை வேணும்னா மகரந்தம் வேணும். பக்கத்துல விதை வாழை ஏதாவது நிக்குதா?

லால்குடி தோட்டம்:
ஐயோ ஆமா டீச்சர். அஸ்ஸாம்ல வேலை பாத்த மாமா இலைக்கு நல்லா இருக்கும்னு ஒரு கன்னு கொண்டுவந்தாரு, அங்க பீம்கோல்னு சொல்வாங்களாம். வேலி ஓரம் வச்சோம், போன வருஷம்தான் முதல் தார் போட்டுச்சு. பழம் பூரா விதைதான். வௌவால் வந்து தொங்கிட்டே இருந்துச்சு, அதுக்குன்னு நாய் ராத்திரி பூரா குரைச்சு தெருவே திட்டுச்சு.

ஓய்வுபெற்ற பாட்டனி டீச்சர்:
ஆளு சிக்கிட்டான். உறுதி பண்ணிக்கணும்னா ரெண்டுலயும் ஒரு இலைக்காம்பைக் குறுக்கா வெட்டிப் பாருங்க. பீம்கோல் காம்புல மேல இருக்கற பள்ளம் ரெண்டு ஓரமும் உள்ள மடிஞ்சு கிட்டத்தட்ட மூடி இருக்கும். அது மூசா பால்பிசியானா, சுருக்கமா பி. இன்னொரு காட்டு இனம் மூசா அக்யூமினேட்டா, அது ஏ, அதுல பள்ளம் அகலமாத் திறந்திருக்கும், தண்டுல கருப்புத் திட்டு இருக்கும், பூ மடல் விரிஞ்சதும் பின்னாடி சுருண்டுக்கும், பி-ல சுருளாது. இப்படி 15 அடையாளத்துக்கு மார்க் போட்டு எந்த வாழைல எது எவ்வளவு கலந்திருக்குன்னு 1955ல சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டுன்னு ரெண்டு பேர் ஒரு முறை கொண்டுவந்தாங்க. நம்ம பூவன், ரஸ்தாளி, நேந்திரன் மூணும் ஏஏபி, அதாவது ரெண்டு பங்கு ஏ, ஒரு பங்கு பி; மொந்தனும் உங்க கற்பூரவள்ளியும் ஏபிபி.

குமரி மட்டி:
டீச்சர் ஒரு டவுட்டு, ஏ வேற இனம் பி வேற இனம்னா அது எப்படி சேரும், வேற வேற இனம்னா சேராதுன்னுதானே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தீங்க?

ஓய்வுபெற்ற பாட்டனி டீச்சர்:
சொன்னோம், பாதி உண்மை. செடிங்க அந்த விதிய அவ்வளவா மதிக்கறதில்ல. ரெண்டும் பிரிஞ்சு சுமார் 50 லட்சம் வருஷம்னு கணக்கு சொல்றாங்க, ஏ தென்கிழக்கு ஆசியா, நியூ கினி பக்கம், பி இந்தியா, தென் சீனா பக்கம், ஆனா ரெண்டுக்கும் செட்டுக்கு 11 குரோமோசோம்தான், ஒரு செடிக்கு ரெண்டு செட். இடம்தான் பிரிச்சு வச்சிருந்தது, கதவு முழுசாப் பூட்டல. மனுசன் விதை கம்மியான ஏ-யைத் தூக்கிட்டு பி இருக்கற ஊருக்கு வந்தான், வௌவால் மிச்ச வேலையப் பாத்துக்கிச்சு. நடுவுல சில சமயம் செட்டைப் பாதியாக்காம முழுசாவே ஒரு முட்டையோ மகரந்தமோ போய்ச் சேரும், அப்படித்தான் மூணு செட், 33 குரோமோசோம் ஆச்சு. மூணை ரெண்டாப் பங்கு போட முடியாதில்ல, அதான் விதை பிடிக்கறதில்ல. ஏ-கிட்ட இருந்து மகரந்தம் இல்லாமலே சதை வைக்கற குணம் வந்ததால பழம் மட்டும் வருது. கோவேறு கழுதைக்கு வம்சம் அதோட முடிஞ்சுது, வாழைக்குத்தான் பக்கக் கன்னு இருக்கே! லின்னேயஸ் 1753ல தனி இனம்னு நினைச்சு மூசா பாரடிசியாக்கானு பேர் வச்சதே இந்த மாதிரி ஒரு ஹைபிரிட்டுக்குத்தான்.

குமரி மட்டி:
அப்ப கற்பூரவள்ளில மட்டும் ஏன் விதை?

ஓய்வுபெற்ற பாட்டனி டீச்சர்:
அது முழு மலடு இல்ல, முட்டைல சிலது தேறிடும். நல்ல மகரந்தம் பக்கத்துல இல்லாத வரைக்கும் தெரியாது. தாய்லாந்துலயும் இதே ரகத்துல இதே கதைதான்.
தம்பி, எதையும் தோண்டாதீங்க, உங்க கன்னு மாறவே இல்ல. பீம்கோல் அடுத்து தார் போடும்போது காய்ச் சீப்பு விரிஞ்சு முடிஞ்ச உடனே நுனிப் பூவை அறுத்துடுங்க, ஆண் பூ விரியவே கூடாது. பொரியலுக்கு ஆச்சு. இலையும் வழக்கம்போல கிடைக்கும்.

மாடித்தோட்டக்காரன்:
போரான் வாபஸ் 🙏

லால்குடி தோட்டம்:
காம்பை வெட்டிப் பாத்தேன், பீம்கோல்ல பள்ளம் மூடித்தான் இருக்கு, கற்பூரவள்ளிலயும் கிட்டத்தட்ட அதே மாதிரி, ரெண்டு பங்கு பி-ன்னு இப்பப் புரியுது. அந்தத் தார்ல மிச்சமிருந்த பழத்தை மசிச்சு வடிகட்டி அம்மாவுக்கு ஜூஸாப் போட்டாச்சு. விதைல 9 எடுத்து தொட்டில போட்டிருக்கேன், முளைச்சா என்ன வாழைன்னு நீங்கதான் சொல்லணும் டீச்சர். மாமாகிட்ட இன்னும் எதுவும் சொல்லல.