ஈனிகளை அகரவரிசையில் எழுதி மார்க் போனவர்கள் வேறு யாராவது உண்டா?

பிப்பெட்:
அணைவுச் சேர்மத்தில் நடுவில் ஓர் உலோகம், அதைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகளோ அயனிகளோ இருக்கும். அதற்குப் பெயரிடும்போது ஈனிகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. தமிழ்வழியில் படித்த நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். தேர்வில் வந்த சேர்மத்தில் கோபால்ட்டோடு ஐந்து அம்மோனியா, ஒரு நீர், உலோகத்தோடு ஒட்டாமல் வெளியே மூன்று குளோரைடு. ஈனியாக வரும்போது அம்மோனியாவுக்கு 'அம்மின்', நீருக்கு 'அக்வா' என்று பெயர். 'அக்வாபென்டாஅம்மின்' என்று ஆரம்பித்தேன். அகராதியைப் புரட்டினால் 'அக்' முன்னால், 'அம்' பின்னால்தானே? விடைத்தாளில் சிவப்புச் சுழி.

தாளோடு போய் நின்றேன். ஆசிரியர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வரிசை ஆங்கில எழுத்துக்குப்பா." ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஏ. அடுத்தது அம்மினுக்கு எம், அக்வாவுக்கு க்யூ. ஆக, பென்டாஅம்மின்அக்வாகோபால்ட், அடைப்புக்குறிக்குள் ரோமன் மூன்று, அப்புறம் குளோரைடு. புரோமிடோவும் குளோரிடோவும் சேர்ந்து வந்தாலும் இதே வம்புதான்: தமிழில் 'கு' முந்தும், ஆங்கிலத்தில் பி முந்தும். 'பென்டா' போன்ற எண்ணிக்கைச் சொற்கள் வரிசையில் சேராது என்பது தெரிந்திருந்ததால் அந்த ஒன்றில் மட்டும் தப்பித்தேன்.

ஆக்சிஜனேற்ற நிலைக்கு, அதாவது உலோகத்தின் மேல் கணக்கிடும் சுமைக்கு, முழு மார்க் கிடைத்தது. நீரும் அம்மோனியாவும் நடுநிலை, வெளியே மூன்று எதிர்ச்சுமை, கோபால்ட் +3. அதில் குழம்ப எதுவும் இல்லை.

கத்தரிப்பூ நிறம்:
குழம்ப இருக்கிறது ஐயா, நான் குழம்பினேன்! எனக்கு வந்ததில் கோபால்ட்டோடு ஐந்து அம்மோனியா, உள்ளே ஒரு குளோரைடு, வெளியே இரண்டு. வெளியே இருப்பதை மட்டும் எண்ணி +2 என்று எழுதினேன். புரிந்தது ஆய்வகத்தில்தான். அந்தச் சிவப்பு கலந்த ஊதாப் படிகத்தைக் கரைத்து வெள்ளி நைட்ரேட் விட்டால், மூன்றில் இரண்டு குளோரைடுக்கு மட்டுமே உடனே வெள்ளை வீழ்படிவு கிடைக்கிறது. மூன்றாவது எங்கும் போகவில்லை, உலோகத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. அதன் −1ஐயும் சேர்த்தால் +3. வேதியியலாளர் வெர்னர் 1893இல் அணைவுச் சேர்மங்கள் பற்றிய தன் கொள்கையைச் சொன்னபோது இந்த வீழ்படிவுக் கணக்கும் அவருக்குக் கைகொடுத்தது. 1913இல் நோபல் பரிசு வாங்கினார்.

துரு:
நான் சறுக்கியது பெயரின் வால்பகுதியில். பொட்டாசியம் நான்கு, சயனைடு ஆறு, நடுவில் இரும்பு. +2 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு 'ஹெக்சாசயனிடோஅயர்ன்' என்று முடித்தேன். அணைவு அயனிக்கு எதிர்ச்சுமை இருந்தால் 'ஃபெர்ரேட்' என்று முடிய வேண்டுமாம். செம்புக்குக் குப்ரேட், வெள்ளிக்கு அர்ஜென்டேட். பழைய புத்தகத்தில் 'சயனோ' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், வேதிப்பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக்கின் 2005 பரிந்துரைக்குப் பிறகு 'சயனிடோ' ஆனது.

பிப்பெட்:
சரி, நைட்ரேட்டைக் கண்டறியும் சோதனையில் வரும் பழுப்பு வளையத்தில் இருக்கும் இரும்புக்கு என்ன ஆக்சிஜனேற்ற நிலை எழுதினீர்கள்? ஐந்து நீர், ஒரு நைட்ரிக் ஆக்சைடு, மொத்தச் சுமை +2.

துரு:
+2 என்று எழுதினேன். நைட்ரிக் ஆக்சைடு நடுநிலை என்று நினைத்துவிட்டேன். விடைக்குறிப்பில் +1. அதை நேர்ச்சுமையுள்ள ஈனியாக எடுக்க வேண்டுமாம்.

கத்தரிப்பூ நிறம்:
அதையும் இப்போது மாற்றிச் சொல்கிறார்கள். அண்மை ஆய்வுகளில் அந்த ஈனிக்கு எதிர்ச்சுமை, இரும்புக்கு +3. தேர்வு எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து என் பேச்சைக் கேட்காதீர்கள், +1 என்றே எழுதிவிட்டு வாருங்கள்.