ஏசிஎல் அறுவைக்குப் பின் ரஷ்யன் கரண்ட்: வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி – விரிவுரையாளர்_பிபிடி

இறுதியாண்டுக்கு ஸ்போர்ட்ஸ் பிசியோ செய்முறை வகுப்பு. ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வு) அறுவைக்குப் பின் தொடைத் தசைக்கு ரஷ்யன் கரண்ட், அதாவது தசையைச் சுருங்கவைக்கும் மின் தூண்டல் (ஸ்டிம்) கொடுப்பதுதான் பாடம். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக பிசியோ ஆய்வாளர் லின் ஸ்னைடர்-மேக்லரின் ஆய்வை அடிப்படையாக வைக்க நினைக்கிறேன். மின்முனை பேடு ஒட்டி ஸ்டிம் கொடுத்தால் மாணவர்களின் தொடை துடிக்கிறது, முறுக்கேறவில்லை. அளவு எவ்வளவு? எங்கே தவறுகிறது?

பதில் 1 – முட்டி_மறுவாழ்வு

துடிப்பு போதாது சார். அவருடைய 1995 ஆய்வின் சாரமே அதுதான். 110 பேர், 4 வாரச் சிகிச்சை. வீரியமான ஸ்டிம் பெற்றவர்களுக்கு நல்ல காலின் பலத்தில் 70 சதவீதமோ அதற்கு மேலோ திரும்பியது. கடும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 57. குறைந்த வீரியத்தில் ஸ்டிம் பெற்றவர்களுக்கு 51. முட்டி வீங்கியிருந்தால் குவாட்ரிசெப்ஸுக்கு (முன்தொடைத் தசை) போகும் நரம்புக் கட்டளையே அடங்கிவிடுகிறது, முயற்சி மட்டும் எட்டாது.

அளவு: 2500 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 75 பர்ஸ்ட் (மின்துடிப்புக் கொத்து). 10 வினாடி ஓட்டம், 50 வினாடி ஓய்வு, 10 முறை, வாரம் 3 நாள். முட்டியை 60 டிகிரி மடக்கி, கணுக்காலை நாற்காலிக் காலோடு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் கொடுத்தால் முட்டி நீண்டு, அறுவையில் வைத்த புது ஜவ்வை இழுக்கும்.

பதில் 2 – கரண்ட்_அக்கா

தவறு பெரும்பாலும் பேடில்தான். சின்ன பேடு சருமத்தைச் சுடும், தசைக்குள் இறங்காது. பெரிய பேடாக ஒன்றைத் தொடையின் உள்பக்கக் கீழ்ப்பகுதியிலும், இன்னொன்றை வெளிப்பக்க மேல்பகுதியிலும் ஒட்டுங்கள். எண்ணெய் தடவிய தொடை என்றால் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். ஓரம் தூக்கியிருந்தால் ஒரே இடத்தில் சுரீரென்று குத்தும், நோயாளி அளவைக் கூட்டவே விடமாட்டார்.

சரியாக ஏறினால் முட்டிச் சில்லு மேல்நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். இலக்கு, அந்தக் காலின் முழு முயற்சிப் பலத்தில் பாதி. பலம் அளக்கும் டைனமோமீட்டர் இல்லையா? பட்டைக்கும் நாற்காலிக்கும் நடுவே தொங்கு தராசு மாட்டலாம். தானாக உந்தி 30 கிலோ காட்டினால் ஸ்டிம்மில் 15 வர வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு வேண்டாம்.

விரிவுரையாளர்_பிபிடி: தராசு யோசனை அருமை அக்கா, இந்த வாரமே வைக்கிறேன். ஆட்டத்துக்குத் திரும்பும் கட்டம்?

பதில் 3 – முட்டி_மறுவாழ்வு

டெலவேர்-ஆஸ்லோ கூட்டாய்வை, 2016இல் வந்ததை, கட்டாயம் சேருங்கள். குவாட்ரிசெப்ஸ் பலம், 4 வகை ஒற்றைக்கால் தாவல், 2 கேள்வித்தாள், எல்லாவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் வேண்டும். தேறித் திரும்பிய 18 பேரில் 1 பேருக்கு முட்டியில் மறுகாயம். தேறாமல் திரும்பிய 55 பேரில் 21 பேருக்கு. எண்ணிக்கை சிறிது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பின் 9 மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைந்தது.

ஒரு பொறி: பலத்துக்கும் தாவலுக்கும் அந்த 90 சதவீதம் நல்ல காலோடு ஒப்பிட்டுத்தான். ஓய்வில் நல்ல காலும் மெலியும். அதோடு ஒப்பிட்டால் 90 சுலபமாக வந்துவிடும். அதனால் அறுவைக்கு முன்பே நல்ல காலின் பலத்தைக் கிலோவில் அளந்து எழுதிவைக்கப் பழக்குங்கள். டெலவேரில் கிளினிக்கே பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அளவுகளை ஒழுங்காகக் குறித்துவந்தால் உங்கள் கிளினிக் ஏட்டிலிருந்தும் ஆய்வு பிறக்கும்.