ஆணி ஏன் காந்தம் ஆகவில்லை?

குழு: பாம்பன் வீட்டார்
சனிக்கிழமை

ஜெனிட்டா, மாலை 5:40
அண்ணே, பாப்பா திங்கட்கிழமை பள்ளியில் மின்காந்தம் செய்து காட்ட வேண்டும். ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றி, இரண்டு முனையையும் டார்ச் செல்லில் வைத்துப் பார்த்துவிட்டோம். ஒரு குண்டூசி கூட ஒட்டவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.

சேவியர், 5:52
செல் கொஞ்சமாவது சூடாகிறதா?

ஜெனிட்டா, 5:53
இல்லை. புதுச் செல்தான்.

சேவியர், 5:56
அப்படியானால் கம்பியில் கரண்டே ஓடவில்லை. பட்டறையில் இருந்து நீ எடுத்துப் போன மோட்டார் காயில் கம்பிதானே அது? பார்க்க வெறும் செம்பு மாதிரிப் பளபளவென்று இருக்கும். ஆனால் மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு, அதைத் தாண்டிக் கரண்ட் போகாது. இரண்டு முனையையும் உப்புத்தாளால் செம்பு நன்றாகத் தெரியும்வரை தேய்.

ஜெனிட்டா, 5:57
கம்பி முழுவதையும் தேய்த்துவிடட்டுமா?

சேவியர், 6:01
வேண்டாம் வேண்டாம். சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு இருக்கிறதே, பூச்சு போனால் கரண்ட் அப்படியே பக்கத்துச் சுற்றுக்குத் தாவிக் குறுக்கே போய்விடும். ஆணியைச் சுற்றிச் சுற்றி ஓடினால்தான் ஒவ்வொரு சுற்றின் காந்தமும் சேர்ந்து பலமாகும். முனையை மட்டும் தேய். திங்கட்கிழமை காலையிலும் ஒரு தடவை தேய்த்துக் கொடு. நம் கடல்காற்றுக்குச் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும்.

ரீத்தா டீச்சர், 6:04
ஜெனி, இரண்டு மூன்று விநாடிக்கு மேல் செல்லில் வைத்திருக்க விடாதே, கம்பியும் செல்லும் சூடேறும். இந்தச் செல் 1.5 வோல்ட், பயமில்லை. வீட்டு பிளக் 230 வோல்ட். அதில் இந்தக் கம்பியைச் செருகிப் பார்க்கும் யோசனையே பிள்ளைக்கு வரக் கூடாது. எடுத்துச் சொல்லி வை.

ஜெனிட்டா, 6:20
மதினி, ஒட்டிவிட்டது!! 20 சுற்றுக்கு நான்கு குண்டூசி. 50 சுற்றுக்கு ஒன்பது. பாப்பா குதிக்கிறாள். இனி அவளே டைப் செய்கிறாளாம்.

ஜெனிட்டா, 6:24
மாமா நான் ஆஷ்லின். செல்லை எடுத்ததும் குண்டூசி எல்லாம் விழுந்துவிட்டது. ஒன்று மட்டும் விழவில்லை. ஏன்?

சேவியர், 6:27
நல்லாப் பார்த்திருக்கிறாய் தங்கம். கரண்ட் நின்றதும் காந்தம் போய்விடும், ஆனால் இரும்பில் துளி மிச்சம் தங்கும். பச்சை இரும்பில் குறைவாகத் தங்கும், எஃகில் அதிகம். தாத்தாவின் கம்பாஸ் ஊசி காந்தமாகவே இருக்கிறதே, அதுவும் எஃகுதான். அதைக் கேட்டு வாங்கி, ஆணிப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்.

ஜெனிட்டா, 6:41
ஊசி திரும்புகிறது மாமா! ஆணியே வேண்டாம், கம்பியை நேராகக் கம்பாஸுக்கு மேல் பிடித்துச் செல்லில் வைத்தாலும் திரும்புகிறது. செல்லை மாற்றிப் போட்டால் ஊசி அந்தப் பக்கம் போகிறது.

ரீத்தா டீச்சர், 6:46
ஆஷ்லின், நீ இப்போது பார்த்ததைத்தான் 1820ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் பார்த்தார். கம்பியில் கரண்ட் ஓடியதும் பக்கத்தில் இருந்த காந்த ஊசி அசைந்தது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்தது அந்த ஊசியால்தான். நோட்டில் படம் வரைந்து வை.

ஜெனிட்டா, 6:58
தாத்தா சொல்லச் சொல்ல அம்மா டைப் செய்கிறேன்: "வள்ளத்தில் புதிதாக பேட்டரி லைட் போட்ட சமயம். வடகடலில் இருந்து ராத்திரி திரும்பி வருகிறோம். கம்பாஸ்படி சரியாகத் தெற்கே பிடித்துத்தான் ஓட்டினேன். ஆனால் நேரே தெரிய வேண்டிய பாம்பன் கலங்கரை விளக்கம் வலது பக்கம் தள்ளித் தெரிந்தது. கம்பாஸ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். தற்செயலாக லைட்டை அணைத்தால் ஊசி தானாக இடம் மாறி நின்றது. போட்டால் மறுபடி விலகியது. பேய்க்காற்று என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். லைட் ஒயர் கம்பாஸ் பெட்டிக்கு ஒட்டிப் போனது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது."

சேவியர், 7:05
அப்பா, இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை! ஒயர்தான் காரணம். பேட்டரியில் இருந்து போகிற ஒயரும் திரும்பி வருகிற ஒயரும் தனித்தனியே போனால் ஊசியை இழுக்கும். இரண்டையும் முறுக்கிவிட்டால் ஒன்றில் போகிற கரண்டும் மற்றதில் வருகிற கரண்டும் எதிர் எதிராக ஓடும். காந்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஜெனிட்டா, 7:19
மாமா ஆஷ்லின். கம்பியை இரண்டாக மடித்து முறுக்கிப் பார்த்தேன். ஊசி அசையவே இல்லை! கரண்ட் காந்தம் ஆகிறதே, காந்தம் கரண்ட் ஆகுமா?

சேவியர், 7:23
ஆகும். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், சும்மா வைத்தால் வராது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தார். எஞ்சினோடு சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவுக்குள் அதுதான் நடக்கிறது. பட்டறையில் பழையது ஒன்று பிரித்துக் கிடக்கிறது. நாளைப் பூசை முடிந்ததும் வா, காட்டுகிறேன்.

ஜெனிட்டா, 7:26
அண்ணே, தாத்தா கேட்கச் சொன்னார்: இப்போது வள்ளத்தில் கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரின் ஒயர் எந்த வழியாகப் போகிறது?

சேவியர், 7:31
கம்பாஸுக்கு அடியில்தான். நாளைச் சாயங்காலம் முறுக்கி, பலகையின் மறுபக்கம் கொண்டுபோகிறேன். அப்பாவையும் ஜெட்டிக்கு வரச் சொல், ஊசியை அவரே பார்க்கட்டும்.