ஸ்டேக்ஹோல்டருக்குத் தமிழ்ல என்ன? பங்குதாரர் மட்டும் வேண்டாம் சாமி

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்டேக்ஹோல்டர், அதாவது ஒரு காரியத்தால நல்லதோ கெட்டதோ படற ஆளுங்க எல்லாரும், அதுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்னு நடக்கற பேச்சை மூணு நாளா சும்மா படிச்சுட்டுதான் இருந்தேன், கோயம்புத்தூர் ஐயா நேத்து போட்ட மெயிலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல.

> பங்குதாரர்னு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, அரசு ஆவணத்துலயும் வருது. இதுக்குப் போய் எதுக்குப் புதுசா ஒரு சொல்?

ஐயா கோவிச்சுக்காதீங்க, அந்தச் சொல்லால நான் பட்டதைச் சொல்றேன். நிலம் நீர் மேலாண்மைப் பயிற்சிக்குன்னு ஒரு கையேடு மொழிபெயர்த்துக் கொடுத்தேன், அதுல ஸ்டேக்ஹோல்டர் வந்த இடத்துலல்லாம் பங்குதாரர்னு போட்டது நான்தான். அதை அப்படியே எடுத்து சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு 'பங்குதாரர்கள் கூட்டம்'னு நோட்டீஸ் அடிச்சு டீக்கடையில ஒட்டிட்டாங்க. போய்ப் பார்த்தா வந்திருந்தது இருபது பேர், அத்தனை பேரும் ஆயக்கட்டுல, அதாவது கண்மாய்த் தண்ணி பாயற பரப்புல, நிலம் இருக்கறவங்க, அதுல ஒரு பெரியவர் சொசைட்டியில பங்குத்தொகை கட்டின ரசீதை மஞ்சப்பையில வச்சு எடுத்துட்டு வந்து டிவிடெண்டு எப்பய்யா தருவீகன்னு கேட்டார். எனக்கு எங்க போய் முட்டிக்கறதுன்னு தெரியல. ஆட்டுக்கிடை போடற கீதாரி வரல, மீன்பாசி குத்தகைக்காரர் வரல, கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடறவங்க வரல, கரையோரம் புல்லறுக்கற பொம்பளைங்க ஒருத்தர்கூட வரல. மறுநாள் அந்த அம்மாக்கள்ட்ட கேட்டா "பங்குள்ளவுகளத்தானய்யா கூப்பிட்டிருந்தீக, எங்களுக்கு அதுல என்ன பங்கு இருக்கு"ன்னாங்க. சரியாத்தானே சொல்லியிருக்காங்க, தப்பு நோட்டீஸ்ல.

இங்க சில பேருக்கு இது வெறும் சொல் விளையாட்டா தெரியலாம். ஆனா ஒரு கண்மாயை எடுத்துக்கங்க, மடைக்குக் கீழ இருக்கறவனுக்குத் தண்ணி நிக்கணும், கண்மாய்க்கு உள்பக்கம், உள்வாய்ல பயிர் வச்சிருக்கறவனுக்குத் தண்ணி ஏறக் கூடாது, ராத்திரியோட ராத்திரியா மிச்சத் தண்ணி வழியற கலிங்கை உடைச்சு விட்ட கதையெல்லாம் எங்க பக்கம் உண்டு, மீன் குத்தகைக்காரருக்குப் பிடிக்கற சமயத்துல தண்ணி வத்தணும், ஆட்டுக்காரருக்குக் குடிக்கத் தண்ணியும் மேய வெறுந்தரையும் வேணும், செங்கல் சூளைக்காரருக்கு மண்ணு வேணும், கடைமடைக்காரனுக்கு எதுவுமே வந்து சேராது, அவன் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு திருப்பூருக்கு பஸ் ஏறிடுவான். இது போக அரசாங்கமே ஒரே ஆளா இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா பொதுப்பணித்துறை வழி வந்த நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம், ஆக்கிரமிப்புன்னா வருவாய்த்துறை, மண்ணெடுக்கறதுக்குக் கனிமவளத்துறைன்னு ஒரே தண்ணிக்கு நாலு ஆபீஸ். தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஏரி கண்மாய் 39 ஆயிரத்துக்கு மேல இருக்கு. இத்தனை பேரையும் ஒரு வார்த்தையில கூப்பிடணும், கூப்பிட்டா அவங்க 'நம்மளத்தான் கூப்பிடறாங்க'ன்னு எழுந்து வரணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இங்கிலீஷ்லயே அந்தச் சொல்லோட பொறப்பு சூதாட்டத்துலதான், ரெண்டு பேர் பந்தயம் கட்டினா அந்தப் பணத்தை முடிவு தெரியற வரைக்கும் கையில வச்சுக்கற மூணாவது ஆளுக்கு அந்தப் பேர். 1963-ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க அதைக் கம்பெனி நிர்வாகத்துக்கு இழுத்துட்டு வந்தாங்க. பங்கு வச்சிருக்கறவனை மட்டும் பார்க்காதே, மத்தவங்களையும் பாருன்னு சொல்றதுக்காகவே பங்கு வச்சிருக்கறவனைக் குறிக்கற ஸ்டாக்ஹோல்டரைக் கொஞ்சம் திருகி வச்ச பேரு அது. நாம அதை மறுபடி பங்குதாரர்னு மொழிபெயர்த்தா அந்தத் திருகலையே நேராக்கி விட்டுடறோம்!

இனி இழையில வந்த மத்த சொல்லுங்க.

பயனாளி. இது இலவச ஆடு, தையல் மிஷின் லிஸ்ட்ல ஒக்காந்துருச்சு, இனி எழுப்ப முடியாது. பங்கேற்பாளர்னா வந்தவர், நம்ம பிரச்சினையே வராதவர் யாருங்கறது. தொடர்புடையோர் நல்லாத்தான் இருக்கு, ஆனா பேப்பரைத் திறந்தா 'கொலையில் தொடர்புடைய மேலும் இருவர் கைது', கண்மாய்க்கரையில அப்படி நோட்டீஸ் ஒட்டினா ஊரே காலி.

அக்கறையாளர்னு மதுரை அக்கா எழுதியிருந்தாங்க, கேட்கறதுக்கு இதமான சொல், ஆனா அக்கா, பாலாறை நினைச்சுப் பாருங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் பதனிடற தொழிற்சாலைங்க விட்ட கழிவுல ஆத்துமணலும் கிணறும் கெட்டுப் போச்சு, 1996-ல உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டுச்சு, கெடுத்தவனே செலவைக் கட்டணும்ங்கற கொள்கையை அந்தத் தீர்ப்புலதான் அழுத்தமா சொன்னாங்க. அந்த முதலாளிக்கு ஆத்து மேல அக்கறையா இருந்துச்சு? ஆனா அவர் இல்லாம பேச்சுவார்த்தை நடத்தி என்ன புண்ணியம், 2002-ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துல பாலாத்துக்காக விவசாயிகளையும் தோல்காரங்களையும் ஒரே கூரைக்குக் கீழ உக்கார வச்சாங்கன்னா அந்தக் காரணத்துக்காகத்தான். அக்கறை இல்லாதவனையும் சேர்த்துக் கூப்பிடற சொல்தான் நமக்கு வேணும்.

(இதே நிறுவனத்து ஆளுங்க 2003-ல தமிழ்நாடு கர்நாடகா விவசாயிகளைச் சேர்த்து ஆரம்பிச்ச அமைப்புக்கு வச்ச பேர் காவிரிக் குடும்பம். கலைச்சொல்லும் இல்லை ஒண்ணும் இல்லை, குடும்பம்னதும் சண்டையும் உண்டு சாப்பாடும் உண்டுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு பாருங்க.)

அப்புறம் நம்ம தனித்தமிழ் அன்பர் போட்ட 'பேறுறுநர்', பயன் அடையறவர்னு அர்த்தம். ஐயா, உறுங்கறது அழகான வினைதான், ஆனா பேறுன்னதும் எங்க ஊர்ல பிரசவ வார்டுக்குத்தான் வழி காட்டுவாங்க.

இன்னொருத்தர் உத்திரமேரூரை இழுத்திருந்தார், ஆயிரம் வருஷம் முன்னாடியே நம்மகிட்ட ஏரி வாரியம் இருந்துச்சு, அதுலேர்ந்து சொல் எடுக்கலாமேன்னு. 919, 921 ரெண்டு கல்வெட்டும் பராந்தகன் காலத்துது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலையில எடுக்கறாங்க, எல்லாம் சரி. ஆனா ஓலையில பேர் எழுதறதுக்கே கால்வேலிக்கு மேல வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். ஏரிக்கு மண்ணு சுமந்தவன் பேர் அந்த ஓலையில இருந்திருக்காது. பெருமைப்படறதுக்கு எடுத்துக்கங்க, சொல்லுக்கு எடுக்காதீங்க. நம்ம காலத்து 2000-ஆம் வருஷச் சட்டம் கொண்டு வந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துலயும் நில ஆவணத்துல பேர் இருந்தாத்தான் ஓட்டு, ஆயிரம் வருஷத்துல நாம நகர்ந்தது அவ்வளவுதான் போல.

சரி நான் என்ன சொல்றேன்னா, 'பாத்தியர்'. எங்க பக்கம் கோயில் வாசல்லயே எழுதியிருக்கும், இன்னார் வகையறாவுக்குப் பாத்தியப்பட்டதுன்னு. பத்திரத்துல, எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் இல்லைன்னு எழுதறோம். நிலம் இல்லாதவனுக்கும் நடக்கப் பாத்தியம் உண்டு, மேய்க்கப் பாத்தியம் உண்டு, ஊருணியில ஒரு குடம் மோக்கப் பாத்தியம் உண்டு. பட்டா கேட்காத சொல். பங்காளின்னுகூட யோசிச்சேன், ஆனா அதுல ஜாதி வந்து உக்காந்துரும். பாத்தியர், பாத்தியர் கூட்டம், எப்படி இருக்கு? திட்டுறதுன்னா திட்டுங்க.

*

வணக்கம் அண்ணை,

நான் கிளிநொச்சியிலயிருந்து எழுதுறன், குழுவில வாசிக்கிறதோட சரி, எழுதுறது குறைவு. உங்கட மெயில் வாசிச்சுச் சிரிச்சிட்டன், அந்த ரசீது கொண்டு வந்த ஐயா பாவம்.

இஞ்ச எங்கட ஆவணங்களில 'அக்கறையுடைய தரப்பினர்', 'பங்காளர்கள்' எண்டுதான் கூட வரும். பாத்தியர் நல்லாத்தான் கிடக்கு, ஆனா எனக்கொரு சந்தேகம். பாத்தியதை எண்டா உரிமை தானே? அப்ப அந்தத் தோல் தொழிற்சாலைக்காரரையும் பாத்தியர் எண்டு கூப்பிட்டா, ஆத்தைப் பழுதாக்க அவருக்கு உரிமை இருக்கெண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி வராதோ? அக்கறை எண்டு சொல்லேக்க அவர் வெளியால நிக்கிறார், பாத்தியம் எண்டு சொல்லேக்க தலைமாட்டில வந்து இருக்கிறார்.

எங்கட இரணைமடுக் குளத்தைப் பாருங்கோ. குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டு போறம் எண்டு திட்டம் வந்தது, கமக்காரர், விவசாயிகள், எங்களுக்கே கோடைச் சிறுபோகத்துக்குக் காணாது எண்டு மறிச்சவை. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அந்தக் குளத்தில பரம்பரைப் பாத்தியம் ஒண்டும் இல்லை, ஆனா தாகம் இருக்கு, அதை இல்லையெண்டு சொல்லேலாது. பிறகு குளத்தை விட்டிட்டு தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் எண்டு போனவை, 2024-ல திறந்தது, அதுக்கு அந்தக் கரையில கடற்றொழில் செய்யிற ஆக்கள் எதிர்ப்பு, கழிவுத் தண்ணி கடலுக்கை போனா மீன் என்னாகும் எண்டு. குளத்தைப் பற்றிக் கதைக்கேக்க அவையை ஆரும் நினைச்சும் பாக்கேல்லை. திட்டம் ஒருக்கா இடம் மாற புதுசா ஒரு தரப்பு எழும்புது.

அதால எனக்கு 'தரப்பு' தான் சரியாப் படுது. எல்லாருக்கும் விளங்கும், உரிமை இருக்கோ இல்லையோ ஒரு பக்கம் நிக்கிறவர் எண்டு மட்டும் சொல்லுது. முன்னால ஒட்ட ஒரு சின்னச் சொல் வேணும், இல்லாட்டி வழக்கில நிக்கிற எதிர்த்தரப்பு மாதிரிக் கேட்கும். அதை நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.

*

அக்கா,

கிளிநொச்சியிலேர்ந்து நல்லா உரைக்கற மாதிரிச் சொல்லிட்டீங்க. ராத்திரி முழுக்க அந்தத் தலைமாடுதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு. பாத்தியரை வாபஸ் வாங்கிக்கறேன், கிடைக்காரருக்கும் புல்லறுக்கற அம்மாவுக்கும் அது சரி, சூளைக்காரருக்கும் தோல்காரருக்கும் சரியில்லை, ரெண்டு பேரையும் தாங்கலைன்னா அது கலைச்சொல்லா நிக்காது.

முன்னாடி ஒட்ட ஒரு சொல் கேட்டீங்கல்ல, நான் கிண்டல் பண்ணின அன்பர்கிட்டயே அது இருந்திருக்கு. 'உறு'. பேறை விட்டுடுங்க, உறு மட்டும் பாருங்க. பயனுறுன்னும் சொல்றோம், துயருறுன்னும் சொல்றோம், நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் ஒரே வினைதான். அதோட உங்க தரப்பைச் சேர்த்தா 'உறுதரப்பு'. அந்தத் தண்ணியால எதையாவது அடையற பக்கம், இல்லைன்னா படற பக்கம். முதலாளி அடையறார், கிணத்துக்காரர் படறார், ரெண்டு பேரும் உறுதரப்பு, யாருக்கும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுக்கல. அடுக்கிப் பார்த்தேன்: உறுதரப்பினர், உறுதரப்புக் கூட்டம், உறுதரப்புப் பட்டியல், யார் யாருக்கு என்னன்னு கணக்கெடுக்கறதுக்கு உறுதரப்பு ஆய்வு. பல பேர் உக்கார்ந்து பேசறதுக்கு மட்டும் பல்தரப்புப் பேச்சுன்னு தனியா வச்சுக்கலாம், எல்லாத்தையும் ஒரே சொல்லுல திணிக்க வேண்டாம்.

அன்பர் இப்ப என்ன எழுதப் போறார்னும் தெரியும், தரப்பு தமிழே இல்லையே, அரபியிலேர்ந்து உருது வழியா வந்ததாச்சேன்னு. ஆமா ஐயா. ஊரே சேர்ந்து கண்மாயைப் பழுது பார்க்கற குடிமராமத்துல குடி நம்முது, மராமத்து அரபி, அந்தக் கலப்புச் சொல்லைச் சொல்லித்தான் எத்தனையோ தலைமுறை கரையை அடைச்சிருக்காங்க, 2017-ல அரசு திட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தப்பவும் பேரை மாத்தல. உறுதரப்புல உங்க உறு பாதி இருக்கு, அதுக்காகவாவது விட்டுக் கொடுங்க, பேறுறுநருக்கு நான் பேசின பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டுக்கறேன்.

கோயம்புத்தூர் ஐயாவுக்கு ஒண்ணு: பழைய கையேட்டுல பங்குதாரரை எல்லா இடத்துலயும் கண்ணை மூடிட்டு மாத்த முடியாது, ஏழாம் பாடத்துல நெசமாவே சொசைட்டி பங்குதாரர் வர்றாங்க, அதை அப்படியே விட்டுட்டேன்.

இன்னொண்ணு, உறுதரப்பு கையேட்டுக்குத்தான், நோட்டீஸுக்கு இல்லை. அதை டீக்கடையில ஒட்டினா மறுபடி யாராவது ரசீதோட வந்து நிப்பாங்க. இந்தத் தடவை நோட்டீஸ்ல, கண்மாய்க்குக் கீழ வெள்ளாமை வைக்கறவங்க, உள்வாய்ல பயிர் வைக்கறவங்க, ஆடு மாடு மேய்க்கறவங்க, கிடை போடறவங்க, புல்லறுக்கறவங்க, மீன் குத்தகை எடுத்தவங்க, மூட்டம் போடறவங்க, சூளை வச்சிருக்கறவங்க எல்லாரும் வரணும்னு ஒவ்வொருத்தரா எழுதச் சொல்லிட்டேன், ரெண்டு வரி கூடத்தான் ஆகும், பரவால்ல. தேதிதான் இன்னும் போடல, கீதாரிங்க அறுத்த வயல்ல தாள் மேய்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்காங்க, மழைக்கு முன்னாடி திரும்பிடுவாங்க, அவங்க வந்த பிறகு வைக்கலாம்னு சொல்லியிருக்கேன்.