செஸ்னா 310: ஆக்ஸ் டேங்க் வேகமாகக் காலியாகிறது, மெயின் ஊசி இறங்கவே இல்லை

கோத்தகிரி மாணவர்:
வணக்கம். இரட்டை எஞ்சின் பயிற்சி தொடங்கும்முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் போட்டு செஸ்னா 310 ஓட்டிப் பழகுகிறேன். எல்லா டேங்கையும் நிரப்பிக்கொண்டு கோவையில் கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் இரண்டு எஞ்சினின் செலக்டரையும் (எந்த டேங்கிலிருந்து இழுப்பது என்று தேர்ந்தெடுக்கும் குமிழ்) ஆக்ஸுக்கு, அதாவது துணை டேங்குக்குத் திருப்பினால், எஞ்சின் எரிக்கிற கணக்கைவிட வேகமாக ஆக்ஸ் இறங்குகிறது. மெயின், அதாவது முதன்மை டேங்கின் ஊசி ஃபுல்லிலேயே நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் எரிந்ததைவிட அதிகமாகப் பெட்ரோல் குறைகிறது. சிமுலேட்டரில் கோளாறா, நிஜ விமானமும் இப்படித்தானா?

குன்னூர், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்:
தம்பி, சிமுலேட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. 310-இல் இருப்பது காண்டினென்டல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். அதன் பம்ப் எப்போதும் தேவைக்கு மேலேயே இழுக்கும். எரிந்தது போக மிச்சமும் ஆவியும் ரிட்டர்ன் குழாயில் திரும்பிப் போகும். எந்த டேங்கிலிருந்து இழுத்தாலும் அது திரும்புவது அந்தப் பக்கத்து மெயினுக்குத்தான், அதாவது இறக்கை நுனியில் இருக்கிற டேங்குக்கு. அங்கே ஏற்கெனவே நிரம்பியிருந்தால், வந்த பெட்ரோல் வென்ட் (டேங்கின் காற்றுத் துளை) வழியாக வெளியே கொட்டிவிடும். உன் கணக்கில் காணாமல் போனது அதுதான்.

அதனால்தான் ஆக்ஸ் அளவைப் பொறுத்து முதலில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ மெயினில் ஓட்டிவிட்டு மாற்றச் சொல்கிறது கையேடு. புறப்படும்போதும் இறங்கும்போதும் மெயின் மட்டுமே.

கோத்தகிரி மாணவர்:
நன்றி சார். ஒரு மணி நேரம் கழித்து மாற்றிப் பார்த்தேன். மெயின் ஊசி மெல்ல ஏறி ஃபுல்லுக்குக் கீழேயே நின்றது, கணக்கும் ஒத்துப்போகிறது. இன்னொரு சந்தேகம்: வலது எஞ்சின் நின்றுவிட்டால் வலது ஆக்ஸில் இருப்பதை இடது எஞ்சினுக்கு எடுக்கலாமா?

குன்னூர், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்:
முடியாது. ஒரு பக்க எஞ்சினுக்கு மறுபக்க டேங்கிலிருந்து எடுப்பதைத்தான் கிராஸ்ஃபீட் என்போம்; 310-இல் அது எதிர்ப்பக்க மெயினிலிருந்து மட்டும்தான். வலது எஞ்சின் நின்ற நிமிடமே வலது ஆக்ஸில் இருப்பது வெறும் சுமை. அதைக் கழித்துவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்று கணக்குப் போடு. கிராஸ்ஃபீடில் ஓட்டும்போதும் ரிட்டர்ன் இடது மெயினுக்கே வரும் என்பதால் அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே இரு.

ஊட்டி, பறப்புப் பயிற்சியாளர்:
ஐயா சொன்னது 310-க்கு. பைப்பர் செனெகாவில் செலக்டரில் ஆன், ஆஃப், கிராஸ்ஃபீட் மூன்றே நிலை. டயமண்ட் டிஏ42-இல் எரிபொருளே வேறு, ஜெட் ஏ-1. ஒரு விமானத்தில் படித்ததை இன்னொன்றில் கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது.

பெரிய விமானத்துக்கும் சின்ன விமானத்துக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்து எரிபொருளும் சமமில்லை என்றால், கிராஸ்ஃபீடைத் திறக்கும்முன் ஏன் என்று கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் ஏ330-இல் வலது எஞ்சின் எரிபொருள் குழாய் கசிந்தது. சமமின்மை எச்சரிக்கை வந்ததும் கிராஸ்ஃபீடைத் திறந்தார்கள். இடது டேங்கில் இருந்ததும் அந்தக் கசிவு வழியாகவே போனது. அட்லாண்டிக் மேல் இரண்டு எஞ்சினும் நின்று, சறுக்கிக்கொண்டே அசோரெஸ் தீவில் இறங்கினார்கள். 306 பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

கோத்தகிரி மாணவர்:
சார், எங்கள் ஊர் மேல் பறக்கும்போது செலக்டர் மாற்றுவது சரியா?

ஊட்டி, பறப்புப் பயிற்சியாளர்:
வேண்டாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஏறக்குறைய 8,650 அடி. டர்போ இல்லாத சிறிய இரட்டை எஞ்சின் விமானங்கள் பலவும் முழு எடையோடு ஒற்றை எஞ்சினில் அந்த உயரத்தைத் தாக்குப்பிடிக்காது. மலைக்கு மேல் ஒரு எஞ்சின் இருமினாலும் கீழே தேயிலைச் சரிவும் சோலையும்தான். மாற்றுவதைச் சமவெளியில், உயரம் கையில் இருக்கும்போது முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் மலையைக் கடக்கும்வரை மெயினிலேயே இருங்கள்.

மாற்றும்போது ஒரே சமயத்தில் இரண்டையும் தொடாதீர்கள். துணை எரிபொருள் பம்பை லோவில் (குறைந்த நிலையில்) போட்டு ஒரு செலக்டரைத் திருப்புங்கள், அது இடத்தில் க்ளிக் என்று உட்கார்ந்ததை விரலில் உணருங்கள். ஃபியூயல் ஃப்ளோ ஊசி நிலையாக நிற்கிறதா என்று சில நிமிடம் பாருங்கள். அப்புறம் அடுத்த எஞ்சின்.